அம்மா ஆடிய 'மண்டை கேம்'

அந்தக் கேசட்டின் திறந்த வாயில் உதட்டை வைத்து ஊதினால் நாக்கு நுனியில் உப்புக் கரிக்கும். தூத்துக்குடியில் இரும்பு, செம்பு என்று எதை வாங்கி வைத்தாலும் கடற்காற்று அதை மெல்லத் தின்றுவிடும். சைக்கிள் கம்பியிலும் சன்னல் கொண்டியிலும் அம்மாவின் தையல் மிஷினிலும் ஏறியிருந்த அந்தக் காற்று, எங்கள் வீட்டு வீடியோ கேம் கேசட்டின் செம்புப் பற்களிலும் பச்சையாகப் படிந்திருந்தது. நான் ஊதி, பாவாடை நுனியால் துடைத்து, மறுபடியும் ஊதி கேம் மிஷினுக்குள் அழுத்துவேன். சில நேரம் படம் வரும். சில நேரம் டிவி முழுக்க வண்ணக் கட்டங்களாகச் சிதறி நிற்கும். அந்தக் கோடை விடுமுறையில் ஒவ்வொரு பிற்பகலும் படம் வரவேண்டுமே என்று நான் பயந்து பயந்து ஊதினேன். எனக்கு விளையாட வேண்டும் என்பதற்காக இல்லை. எனக்குப் பின்னால் பாயில் அம்மா காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவுக்குக் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை. வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார்; லீவில் வரும்போது பெட்டி நிறைய வாசனை சோப்பும் பேரீச்சம்பழமும் எனக்கு ஏதாவது ஒரு விளையாட்டுச் சாமானும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அந்தச் சாமான் இந்த மிஷினாக இருந்தது. அதனோடு ஒரே ஒரு கேசட். மேலே இரண்டு ஆட்கள் துப்பாக்கியோடு நிற்கிற படம், அவர்களுக்குப் பின்னால் ஒரு கப்பல் எரியும். ஓர் இங்கிலீஷ் சண்டைப் படத்தை வைத்துச் செய்த விளையாட்டு அது. அந்தப் படத்தை அப்பா கப்பலின் சாப்பாட்டு அறையில் வீடியோ 'டெக்' போட்டுப் பார்த்திருந்தார். எங்களுக்குக் கதை சொன்னதும் அவர்தான். கடத்தப்பட்ட ஒரு சரக்குக் கப்பலின் ஆட்களை ஒரு தீவுக் காட்டுக்குள் கட்டிப் போட்டிருப்பார்கள். அவர்களை மீட்டு வர அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டவர்கள் கப்பல்காரர்கள் என்பதால் அப்பாவுக்கு அந்தக் கதையின்மேல் தனிப் பிரியம்.

படத்தில் எப்படியோ, விளையாட்டில் அந்த அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்கவே முடியாது. உயரத்தில் வட்டமிடும் பருந்து கீழே பார்ப்பதுபோல எல்லாம் மேலிருந்துதான் தெரியும். ஒரு தலை, இரண்டு தோள், நீட்டிய துப்பாக்கி, அவ்வளவுதான் ஆள். அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு 'மண்டை கேம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நீலச் சட்டை அண்ணன், சிவப்புச் சட்டை தம்பி. குடிசைகளின் ஓரத்தில் வெள்ளைச் சட்டைக் கப்பல்காரர்கள் கைகட்டப்பட்டு நிற்பார்கள். போய்த் தொட்டால் கட்டு அவிழ்ந்து டிவியின் அடிப்பக்கமாக ஓடி மறைந்துபோவார்கள். இரண்டு பேர் ஆடும்போது ஒரு தொந்தரவு உண்டு. இருவரும் முன்னேறினால்தான் காடு நகரும். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் டிவியின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், குண்டு வந்து விழுந்தாலும் தப்பிக்க வழியில்லை.

அம்மாவுக்கு அந்த மிஷினைக் கண்டாலே ஆகாது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, "கண்ணு அவிஞ்சு போவும், அணைளா" என்பாள். அப்பா லீவு முடிந்து மறுபடி கப்பலேறியபோது அம்மாவின் வயிற்றில் பிள்ளை இருந்தது. பிறப்பதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிள்ளை முந்திக்கொண்டது. விடுமுறை விட்ட கொஞ்ச நாளில் ஒரு விடிகாலை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தம்பி பிறந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் இல்லை என்றும் சொன்னார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தாள். பெரியவர்களோடு கலந்துபேசி முடிவெடுத்தவளும் அவள்தான். பிள்ளையை அம்மாவிடம் காட்ட வேண்டாம், அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அடக்கம் பண்ணிவிடலாம் என்று சொன்னாள். "மொகத்த பாத்துட்டான்னா மனசுலயே தங்கிரும். பச்ச ஒடம்புக்காரி, தாங்க மாட்டா" என்று அவள் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. தொட்டில் கட்ட வைத்திருந்த சேலையையும் குட்டிச் சட்டைகளையும் மூட்டையாகக் கட்டி எங்கேயோ கொடுத்துவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்தபோது, அந்த வீட்டில் ஒரு பிள்ளை வரவிருந்ததற்கான அடையாளமே இல்லை.

கம்பெனி மூலமாக அப்பாவுக்குத் தகவல் போய், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அண்ணாச்சி கடை போனுக்குக் கூப்பிட்டார். அம்மா எழுந்து போகவில்லை. அத்தைதான் போய்ப் பேசினாள். அடுத்த துறைமுகத்தில் மாற்றாள் வந்தபிறகுதான் இறங்க முடியுமாம் என்று வந்து சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அழவில்லை. பேசவும் இல்லை. அத்தை கருப்பட்டியும் இஞ்சியும் தட்டிப்போட்டு மருந்து கிண்டிக் கொடுத்தால் வாங்கி விழுங்குவாள். தலையைச் சீவிவிட்டால் சீவக் கொடுப்பாள். என்னைப் பார்க்கும்போது, யாரோ வீட்டுப் பிள்ளை உள்ளே வந்துவிட்டதுபோல ஒரு பார்வை இருக்கும். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. என்னைக் குளிப்பாட்டியதும் சோறு போட்டதும் ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்ததும் அத்தைதான்.

ஒரு பிற்பகல் அத்தை கண்ணசந்திருந்தாள். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு 'மண்டை கேம்' ஆடினேன். பின்னால் பாய் சரசரத்தது. திரும்பினால் அம்மா எழுந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் கிடந்த இன்னொரு 'ரிமோட்'டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மிஷினின் கைப்பிடிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எந்தப் பித்தான் எதற்கு என்று கேட்கவில்லை. நான் ஆட்டத்தை முதலிலிருந்து வைத்து, நீலச் சட்டையை அவளுக்குக் கொடுத்தேன்.

முதல் சில நாள் அவள் உடனுக்குடன் செத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் விரல்கள் பழகிவிட்டன. எதிரிகளைச் சுடுவதில் அவளுக்கு அக்கறையே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் நிற்கிற இடம்தான் அவளுக்கு வேண்டும். ஒருவனைக்கூட விட்டுவிட்டு முன்னே போகமாட்டாள். ஆனால் ஆற்றங்கரையில் ஓர் இடம் வரும். அங்கே ஒரு மரப்பாலம். கால் வைக்கும்போதே பாலம் இடிந்துவிழும், எதிர்க்கரையில் ஒரு வெள்ளைச் சட்டை கைகட்டப்பட்டு நிற்பான். பாதை அதற்குமேல் வலதுபக்கம் திரும்பிக் காட்டுக்குள் போய்விடும். அவனை எடுக்கவே முடியாது என்று தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அம்மா அங்கே நின்றுவிடுவாள். கரையோரமாக மேலும் கீழும் நடப்பாள், தண்ணீரில் இறங்கிச் சாவாள், மறுபடியும் அங்கேயே வந்து நிற்பாள். அவள் நகராததால் நானும் நகர முடியாது. சுற்றிச் சுற்றி வருகிற எதிரிகளை அவளுக்குப் பக்கத்தில் அண்டவிடாமல் சுட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை. "வாங்கம்மா, போவலாம்" என்று சொல்லிப் பார்ப்பேன். காதில் விழாது. ஆட்டம் முடிந்ததும், "இன்னொருக்க" என்பாள். நாள் முழுவதற்கும் அவள் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அதுதான்.

அத்தை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். கோயிலிலிருந்து பெண்கள் ஜெபம் பண்ண வந்த ஒரு பிற்பகலில் அவள் பொறுமை போய்விட்டது. பைபிளும் கையுமாக வாசலில் வந்து நின்றவர்களுக்கு, துக்க வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் நின்றவாக்கிலேயே ஜெபித்துவிட்டுப் போனார்கள். படி இறங்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "புத்தி பெரண்டுட்டோ என்னவோ" என்றாள். மறுநாள் தெரு முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. என்னோடு விளையாட வருகிற பிள்ளைகளை அவர்கள் வீட்டில் அனுப்பவில்லை.

அத்தை மிஷினின் கரண்டு வயரை உருவி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "பிள்ளைய பறிகொடுத்தவ செய்யுத காரியமா எஸ்தர் இது? நாலு பேரு என்ன சொல்லுதாவ தெரியுமா?" என்று கேட்டாள். அம்மா சண்டை போடவில்லை. வெறும் டிவிக்கு முன்னால், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. கருப்பட்டி மருந்தை வாயருகே கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொண்டாள். ஊருக்கு வெளியே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு ஜெப வீடு இருந்தது. மனசு கலங்கியவர்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள், முரண்டு பிடிக்கிறவர்களைக் கட்டிவைப்பார்கள் என்று பிள்ளைகளான எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அங்கே கூட்டிப்போவதென்று அத்தை யாரிடமோ பேசிவைத்தாள். நான் அடுக்களையில் போய், "அம்மாவ கட்டிப்போடுவாவளா அத்தை?" என்று கேட்டேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து வயரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "போட்டுக் குடு. ரெண்டு வாய் தின்னட்டும்" என்றாள்.

அன்று நான் ஊதி ஊதிப் பார்த்தும் படம் வரவில்லை. கட்டம் கட்டமாகவே வந்தது. அத்தை என் பின்னால் வந்து நின்று, "இன்னும் ஒருக்க ஊதுளா" என்றாள். படம் வந்ததும் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் விரல்கள் பித்தானில் இருக்க, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அம்மா வாய் திறந்தாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊட்டியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை அவள் மாற்றவில்லை.

அப்பா சனிக்கிழமை காலையில் வந்தார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அத்தை அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டு நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். "நல்லதுக்குத்தான் செஞ்சேன் தம்பி" என்று அவள் சொன்னதும், "தெரியும்க்கா" என்று அப்பா சொன்னதும் மட்டும் எனக்குக் கேட்டது. அதன்பின் அவர் சட்டைகூட மாற்றாமல் வெளியே போனார். வெயில் உச்சிக்கு வந்தபோது திரும்பினார். செருப்பிலும் கால்சட்டை விளிம்பிலும் மண் ஒட்டியிருந்தது.

பிற்பகலில் வழக்கம்போல நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அப்பா வந்து எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அப்பாக்கு ஒரு ஆட்டம் குடும்மா" என்றார். நான் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். கப்பல் இஞ்சினைப் பிரித்து மாட்டுகிற அவருடைய தடித்த விரல்களுக்கு அந்தச் சின்னப் பித்தான்கள் அகப்படவில்லை. நேராகப் போய்க் குண்டில் விழுந்தார். அம்மா அவருக்காக நின்றாள். மறுபடியும் விழுந்தார், மறுபடியும் நின்றாள். எப்படியோ இரண்டு பேரும் ஆற்றங்கரை வரைக்கும் வந்துவிட்டார்கள். பாலம் இடிந்தது.

"அந்தா அங்கன ஒருத்தன் நிக்கான் பாருங்க. அவன எடுக்க முடியல" என்றாள் அம்மா. அப்பா வந்தபிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"எடுக்க முடியாது எஸ்தர். படத்துலயும் அப்படித்தான். பாலம் இடிஞ்சிரும். அவன விட்டுட்டுத்தான் போவானுவ."

"ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாவளா?"

"தம்பிக்காரன் பாப்பான். கொஞ்ச நேரம் அங்கனயே நிப்பான். பொறவுதான் போவான்."

அம்மா பித்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்பாவும் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். சிவப்புச் சட்டை ஓர் இடத்தில் நின்று வெறுமனே சுட்டுக்கொண்டிருந்தது.

"நம்ம பிள்ளை யார மாதிரி இருந்தான்?" என்று அப்பா கேட்டார்.

அதுவரைக்கும் அந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. பிரசவ அறையில் நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக் காட்டிய அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு இருந்தது என்பதே வீட்டில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"ஒங்க மூக்கு" என்றாள் அம்மா. "முடி நெறைய. ஈரமா நெத்தியில ஒட்டிக் கெடந்துச்சு. ஒரு காது மட்டும் மடங்கி இருந்துச்சு. நர்சு தூக்கிட்டுப் போம்போது காலு ரெண்டும் துணிக்கு வெளிய தெரிஞ்சுது. குளிருமேன்னு நெனச்சேன். மூடுங்கன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சத்தம் வரல."

டிவியில் நீலச் சட்டை விழுந்தது, சிவப்பும் விழுந்தது. ஆட்டம் முடிந்ததற்கான அந்தச் சோகப் பாட்டு வந்தது. அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"நான் போய்ப் பாத்துட்டுதான் வாரேன்" என்றார் அப்பா. "மதிலு ஓரத்துல, வேப்பமரத்துக்குக் கீழ. அக்கா மண்ணு மேல சிப்பி பொறுக்கி சிலுவ மாதிரி வச்சிருக்கா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தாள்.

"மைனி, என்னய ஒருக்க அங்கன கூட்டிட்டுப் போறியளா?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். அன்று மாலை மூவரும் ஒரே ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. அத்தையின் கை அவள் தோளில் இருந்தது. ஜெப வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சரியாகவில்லை. அப்பா அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அம்மா நெடுங்காலம் மாத்திரை சாப்பிட்டாள், பகலெல்லாம் தூங்கினாள், சில நாள் காரணமில்லாமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சில நாள் பள்ளிக்கூடம் போகப் புடவை கட்டிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கப்பலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் கரை வேலை தேடிக்கொண்டார். சம்பளம் குறைவு, அதற்காகவும் வீட்டில் சச்சரவு இருந்தது. அந்தக் கேசட் மழைக்காலத்தில் எப்போதோ ஒரேயடியாக நின்றுபோனது. அப்போது யாரும் அதைத் தேடவில்லை.

அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்து, லாரிக் கம்பெனிக்காரர்கள் குடோன் கட்டியிருக்கிறார்கள். கேசட்டை ஊதுவது என்றால் என்னவென்று என் மகனுக்குத் தெரியாது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் ஒரு பிற்பகல் கைப்பேசியில் எதையோ தேடப்போய், அந்த விளையாட்டு கண்ணில் பட்டது. எந்த ஊர்க்காரனோ தொடக்கத்திலிருந்து முடிவுவரைக்கும் ஆடிப் பதிவு செய்து போட்டிருந்தான். அந்த இரைச்சலான இசையும் அப்படியே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு பார்த்தாள். "என்னளா இது, எறும்பு மாதிரி ஓடுதானுவ" என்றாள்.

"நீங்க ஆடுவிய, ஞாபகமில்லையா? தம்பி பொறந்த லீவுல."

"நானா?" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பதிவில் ஆடியவன் ஆற்றங்கரையில் நிற்கவே இல்லை. சட்டென்று வலதுபக்கம் திரும்பிப் போய்விட்டான். அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் இருக்கிறதாம். அப்பாவோடும் அத்தையோடும் ஆட்டோவில் போனது ஞாபகம் இருக்கிறதாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்றாள். நான் இத்தனை வருஷம் சுமந்துகொண்டு அலைந்த அந்தக் கோடை, அதை வாழ்ந்தவளிடம் இல்லை. அது நடந்ததற்கு இப்போது நான் ஒருத்திதான் சாட்சி.

கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பல்லாம் ஒனக்கு நான் சோறு போட்டேனாளா?" என்று கேட்டாள்.

"அத்தை இருந்தாவல்லா" என்றேன்.

"நான் கேட்டது அது இல்ல."

நான் கைப்பேசியை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. "மாவு இருக்கு. ரெண்டு தோசை ஊத்தட்டா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு அதிக நேரம் ஆகவில்லை. ஊற்றுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசி வாய் வரைக்கும் அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.